ஜன்னலடிப் பாட்டுக்கு லைசென்ஸ்

சான் எர்மோ தீவு,
மழை விட்ட சனிக்கிழமை.

மணிலாவில் பெரிய வீட்டுச் சமையலறையை ஆளும் என் அன்பு அக்கா பெர்பெத்துவாவுக்கு, தம்பி ஃபோர்த்துனாத்தோ பணிவோடு எழுதுவது. இங்கு நான், என் முழங்கால் வலி, என் சேவல் மூவரும் நலம். அங்கு உன் நலத்துக்கும், நீ சமைத்துப்போடும் எம்.பி. ஐயாவின் செரிமானத்துக்கும் மாதாவை வேண்டுகிறேன்.

அக்கா, உன் தம்பி இப்போது குற்றவாளி. திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, பாடினேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகச் சோறு தின்று எனக்குச் சலித்துவிட்டது என்று உனக்குத் தெரியும். அரிசி அப்பம் சுடும் விதவை ரொசெந்தாவிடம் நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் நம் அப்பா காலத்து வழக்கப்படி, பொழுது சாய்ந்ததும் கிட்டாரோடு அவள் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். மூன்று மாலை பாடினேன். மூன்று மாலையும் ஜன்னல் வழியே இஞ்சி டீயும் அப்பமும் நீட்டினாள். "தொண்ட கட்டிருக்கா, இல்ல உங்க குரலே இப்படித்தானா?" என்று அக்கறையாகக் கேட்டாள். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

நாலாம் நாள் ஊர்த்தலைவர் தொமினதோர் வந்து நின்றார். அவருக்கும் மனைவி இல்லை, அவருக்கும் அப்பம் பிடிக்கும். மீதியை நீயே புரிந்துகொள். கையில் கரையான் தின்று மிச்சம் வைத்த ஒரு புத்தகம். அமெரிக்கக்காரன் ஆண்ட காலத்து ஊர்ச்சட்டமாம். லைசென்ஸ் இல்லாமல் எந்தப் பெண்ணின் ஜன்னலடியிலும் கிட்டார் வாசித்துப் பாடக் கூடாதாம். போட்டவன் கப்பலேறிப் போய், செத்து, மண்ணாகிவிட்டான். சட்டத்தை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"எதிர்வீட்டுல காலைலேர்ந்து மைக்கப் புடிச்சுக் கதறுறானே, அவன் மேல கேஸ் இல்லையா?" என்றேன்.

"சட்டத்துல கிட்டார்னுதான் இருக்கு. மைக்குன்னு இல்ல."

"சரி, லைசென்ஸக் குடுங்க."

"அதக் குடுக்குற குமாஸ்தா வேலைய அப்பவே எடுத்துட்டாங்களே!"

இந்த அறிவுக்குத்தான் நாம் ஓட்டுப் போட்டோம், அக்கா.

தண்டனையைக் கேள்: ஊர்க் குதிரை லாயத்தை மூன்று நாள் பெருக்க வேண்டும். குதிரையை இந்தத் தீவில் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். லாயம் இருந்த இடத்தில் இப்போது கோழி வறுவல் கடை. "இடம் அதேதானே?" என்கிறார் அந்த மேதை. ஆயுசெல்லாம் படகு எஞ்சின் ஓட்டியவன், இப்போது கண்டவன் துப்பிய கோழி எலும்பைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரன் வேறு, "தாத்தா, மேசைக்கு அடியிலயும் கூட்டுங்க" என்று அதிகாரம் பண்ணுகிறான். அவமானம்கூடப் பரவாயில்லை, பயம்தான் பெரிது. இரண்டு நாளாக ரொசெந்தாவின் ஜன்னல் மூடியே கிடக்கிறது. தண்டனை வாங்கியவனை எவள் கட்டுவாள்? தொமினதோர் மட்டும் தினமும் அப்பம் வாங்கப் போகிறார்.

அதனால் இந்த உளுத்துப்போன சட்டத்தை ஒழிக்கச் சொல்லி, கடை மேசையிலேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எம்.பி. ஐயா வயிறு நிறைந்து பல் குத்தும் நேரமாகப் பார்த்துக் கையில் கொடு.

உன் அடுப்பு அணையாமல் மாதா காக்கட்டும். ஆசி வேண்டி உன் கையை என் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்,
தம்பி ஃபோர்த்துனாத்தோ.

பி.கு. (உறையின் முதுகில்): மனுவைக் கொடுத்துவிடாதே! உறையை ஒட்டி முடித்த நேரத்தில் ரொசெந்தா கடைக்கே வந்துவிட்டாள், கக்கத்தில் அதே புத்தகம். தன் பெருமையைக் காட்ட தொமினதோரே அவளிடம் படிக்கக் கொடுத்தாராம். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டாள். பாடினவனுக்கு ஒரு பெண் மூன்று மாலை ஜன்னல் வழியே தின்னக் கொடுத்து, அவனும் வாங்கித் தின்றுவிட்டால், அவளைக் கட்டியே தீர வேண்டுமாம். "தொடப்பத்தக் கீழ போடுங்க. சட்டம்னா சட்டம்தான்" என்றாள். கல்யாணத்துக்கு ஊர்த்தலைவர் தன் தொழுவத்துப் பன்றி ஒன்றைத் தர வேண்டும் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. அருமையான சட்டம், அக்கா. அதில் ஓர் எழுத்தை எவனும் தொடக் கூடாது. மனுவை அடுப்பில் போட்டுவிட்டுக் கிளம்பி வா. தொமினதோரின் பன்றி நன்றாகக் கொழுத்திருக்கிறது, நீதான் தீயில் வாட்டிச் சுட வேண்டும்.