பெட்ரோலியம் செல்வதாஸ் போட்ட நிபந்தனை

"அப்பா, இந்த ஆறுல எதுன்னு நீங்களே ஒரு டிக் போடுங்க. வேற யாரு சொன்னாலும் எனக்கு நம்பிக்கை இல்ல."

ஜினிஷா நோட்டைத் தகப்பனின் முன்னால் வைத்துவிட்டு, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தாள். நோட்டில் ஆறு கல்லூரிகளின் பெயர்கள் இருந்தன. ஒன்று சென்னையில், ஒன்று ஆந்திராவில், ஒன்று இமயமலை அடிவாரத்தில். எல்லாவற்றிலும் பெட்ரோலியம் எஞ்சினியரிங் உண்டு. பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண், அப்பா படித்ததைத்தான் நானும் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அப்பா படித்தது பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கில் தவறியவர்.

வளைகுடாக் கடலில் எண்ணெய் தோண்டும் ரிக்கில் செல்வதாஸ் பதினாறு வருடம் வேலை செய்தார் என்பது உண்மைதான். ஆனால் அடுக்களையில். முதல் நாலு வருடம் பாத்திரம் கழுவினார், மீதிக் காலம் சப்பாத்தி போட்டார். ஒருமுறை லீவில் வந்தபோது, குழித்துறையில் தன் சபைக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தார். சபைச் செயலாளர் டைட்டஸ், "அங்க எதுலயாக்கும் வேலை?" என்று கேட்டார். "எண்ணெய் ரிக்குல" என்றார் இவர். அடுத்த ஞாயிறு பார்த்தால் ஆலயச் சுவரில் சலவைக்கல் பதித்திருந்தது. 'அன்பளிப்பு: ம. செல்வதாஸ், பெட்ரோலியம் எஞ்சினியர்.'

அன்றைக்கே மறுத்திருக்க வேண்டும். கல்லில் வெட்டியதை எப்படி அழிப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தில் சபையே வந்து கை கொடுத்துவிட்டது. மனைவி தேவகனி அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்து அழுததைக் கண்ட பிறகு, அவளிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. ஊர் அவருக்குப் பெட்ரோலியம் செல்வதாஸ் என்று பேர் வைத்தது. மகள் ஞாயிறுதோறும் அந்தக் கல்லைப் பார்த்தே வளர்ந்தாள்.

இப்போது அவர் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார்.

"ஃபீஸ் எல்லாம் ரொம்ப கூடுதலா கிடக்கே மக்களே. பேசாம பி.காம் படி. நாகர்கோவிலுக்கு பஸ்ஸுல போயிட்டு வரலாம்."

அடுக்களையிலிருந்து தேவகனி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அருமனையில கிடக்க ரப்பர வித்திருவோம். எஞ்சினியருக்க மவ பி.காம் படிச்சான்னு ஊரு சிரிக்கதுக்கா?"

அந்த ரப்பர்த் தோட்டம் செல்வதாஸ் பதினாறு வருடம் பாத்திரம் கழுவியும் சப்பாத்தி போட்டும் சேர்த்தது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற அதையும் விற்று, பிள்ளையையும் தெரியாத படிப்பில் தள்ளுவதா?

"காசுக்காகச் சொல்லல்ல. தரம் வேணும் பாரு. லேபு எப்படி இருக்குன்னு நேர்ல பாக்காம முடிவெடுக்கப்பிடாது."

இன்றைக்கு நாளைக்கு என்று அதைத் தள்ளிக்கொண்டே போகலாம் என்று நினைத்தார். ஜினிஷா அன்று மாலைக்குள், பட்டியலில் பக்கமாக இருந்த கல்லூரிக்கு மூன்று ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அந்தக் கல்லூரியின் லேபில் ஓர் இளம் ஆசிரியை இருந்தாள். அப்பா ரிக்கில் எஞ்சினியர் என்று ஜினிஷா வாசலிலேயே சொல்லிவிட்டதால், அவள் ஓடி வந்து வரவேற்றாள். மேசையில் பல் பல்லாக மூன்று சக்கரம் பொருத்திய ஒரு இரும்புச் சாமான் கிடந்தது. "சார், இந்த டிரில் பிட் பத்தி பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

பதினாறு வருடத்தில் செல்வதாஸ் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ரிக்கில் அவர் நின்ற தளத்தில் கோதுமை மாவும் வெங்காயமும்தான் இருந்தன. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டார்.

"இது பழசு" என்றார்.

ஆசிரியையின் முகம் வாடியது. "ஆமா சார். புதுசு கேட்டு எழுதிப் போட்டு மூணு வருஷம் ஆச்சு."

மாணவர்கள் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது ஜினிஷா தகப்பனின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். "தொட்டுப் பாத்து ஒரே நொடியில கண்டுபிடிச்சிட்டிய!" என்று தேவகனி வள்ளியூர்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். செல்வதாஸ் ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்தபடி வந்தார். அவருக்குச் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

செய்தி டைட்டஸின் காதுக்கு எட்டியது. அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், செல்வதாஸ் வாங்கிக் கொடுத்த அதே மைக்கில் அறிவித்தார்: "நம்முடைய பெட்ரோலியம் எஞ்சினியர் அவர்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இப்போது வழிகாட்டுவார்கள். யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்."

யாரும் போகவில்லை. செல்வதாஸ் மைக்கைப் பிடித்தார். வேறு வழியில்லாமல் தெரிந்ததைப் பேசினார்.

"ரிக்குல இருநூத்தி நாப்பது பேரு. காலம்பற நாலு மணிக்கு ஒருத்தன் எழும்பல்லன்னா எல்லா வேலையும் நின்னு போவும். பசிச்ச வயித்தோட எவனும் கிணத்துல குழாய் இறக்கமாட்டான். பருப்பு அடி பிடிச்ச அன்னைக்கி அங்க ரெண்டு கோஷ்டி அடிச்சிக்கிட்டு கிடந்தது."

வருடக் கணக்கில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

"பாத்தியளா, இதுதான் மேனேஜ்மென்ட்" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளை இடித்தார்.

டைட்டஸ் எழுந்தார். "ஒரே ஒரு கேள்வி இஞ்சினியரே. காசும் கம்மியா இருக்கணும், படிப்பும் நல்லதா இருக்கணும். அப்படிக்கொத்த காலேஜ் எது?"

ஜினிஷா நோட்டை விரித்து, பேனாவோடு காத்திருந்தாள். இன்றோடு இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று செல்வதாஸ் பல்லைக் கடித்தார். யாராலும் நிறைவேற்ற முடியாத ஒரு நிபந்தனையைப் போட்டுவிட்டால் போதும்.

"கட்டடத்தப் பாக்காதீங்க. லேபப் பாக்காதீங்க. பாடம் எடுக்கவன் பத்து வருசமாவது ரிக்குல கிடந்தவனா இருக்கணும். இல்லன்னா பிள்ளையள சேக்கவே சேக்காதீங்க. அப்படிப்பட்ட ஆளு ஒருநாளும் வாத்தியார் வேலைக்கி வரமாட்டான். அதனால இந்தப் படிப்பே வேண்டாம்."

கடைசி இரண்டு வரியை யாரும் காதில் வாங்கவில்லை. டைட்டஸ் போனில் தேடத் தொடங்கியிருந்தார்.

"கிடைச்சாச்சு! நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், புதுக் காலேஜ். துறைத்தலைவர் தாணுமாலயன், வளைகுடா ரிக்குல பதினேழு வருசம்! ஃபீஸும் மத்த இடத்துல உள்ளதுல பாதி. ரப்பரு விக்க வேண்டாம். ஸ்தோத்திரம்!"

சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது.

அதன்பிறகு செல்வதாசுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை அவரை எஞ்சினியர் என்று நம்பியவர்கள் எல்லாம் ரிக்கைப் படத்தில் பார்த்தவர்கள். இந்தத் தாணுமாலயன் அசல். ஒரு கேள்வி போதும், மகளின் முன்னாலேயே குட்டு உடைந்துவிடும். அந்த நேரம் ஜினிஷாவின் முகம் எப்படி மாறும் என்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்னொரு பக்கம், மனதில் சின்ன ஆறுதலும் இருந்தது. அசல் ஆளிடம் படித்தால் அவள் அசல் எஞ்சினியர் ஆவாள். வீட்டில் ஒருத்தராவது அந்தக் கல்லுக்குப் பொருத்தமாக இருக்கட்டும்.

புதன்கிழமை போனார்கள். அழைக்காமலே டைட்டஸும் வந்தார். பாதிச் சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்காத கல்லூரி. துறைத்தலைவரின் அறை மட்டும் பளிச்சென்று இருந்தது. தாணுமாலயன் டை கட்டியிருந்தார், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"சார், அப்பாவும் ரிக்ல பதினாறு வருஷம் எஞ்சினியர்" என்றாள் ஜினிஷா பெருமையாக.

தாணுமாலயனின் முகம் இறுகியது. "ஓ" என்று மட்டும் சொன்னார். பெரிய ஆட்களுக்கு வீண் பேச்சு பிடிக்காது என்று செல்வதாஸ் நினைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே ஏரியா! நல்லா பேசுங்க, நாங்களும் கேப்போமே" என்று டைட்டஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

செல்வதாஸ் எழுந்தார்.

"நீங்க எல்லாரும் போய் ஃபீஸ கட்டுங்க. எனக்கு சாருட்ட டெக்னிக்கலா கொஞ்சம் தனியா பேசணும்."

தாணுமாலயன் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

அவர்கள் வெளியே போனதும் செல்வதாஸ் கை கூப்பினார். பேச்சு தானாக வந்தது.

"சார், எனக்க மோளுக்க முன்ன என்ட்ட ஒண்ணும் கேட்டிராதீங்க. நான் எஞ்சினியர் இல்ல. அடுக்களையில நின்னவன். பாத்திரம் கழுவினேன், சப்பாத்தி போட்டேன். அவ அத அறியாம என்னை நம்பி இந்தப் படிப்புக்கு வந்துட்டா. இத நான் யாருட்டயும் சொல்லினது இல்ல சார். எனக்க பெஞ்சாதிக்குக்கூட தெரியாது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னை விடுங்க. நீங்க அசல் ஆளு. நீங்க சொல்லிக் குடுத்தா எனக்க பிள்ள கரையேறிருவா. எனக்கு அது போதும்."

வெளியே ரசீது அச்சாகும் சத்தம் கேட்டது. தேவகனி யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

தாணுமாலயன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். டையைத் தளர்த்திக்கொண்டு திரும்பி வந்தவர், தன் நாற்காலிக்குப் போகாமல் செல்வதாசின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பைய பேசும் ஓய். பக்கத்து ரிக்குல பதினேழு வருசம் எல்லாவனுக்கும் துணி துவைச்சது நாந்தான்."