நான்காம் தர மண்

அனுசியாவின் இரண்டு ஏக்கர் மண்ணுக்குப் பரிசோதனைக் கூடத்தில் நான்காம் தரம் போட்டிருந்தார்கள். புளிப்பு அதிகம், தண்ணீர் வடியாது, பாசனப் பயிருக்கு லாயக்கில்லை என்று ரிப்போர்ட் சொன்னது.

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் அவள். கால் நரம்பு சுருண்டதும் வேலையை விட்டுவிட்டு நியாலாஸில் இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். ஒப்பந்தப்படி ஒரு வருடத்துக்குள் சொட்டு நீர் போட்டு மிளகாய் நடவேண்டும். மூன்றாம் தரமாவது இல்லையென்றால் குத்தகை போய்விடும்.

"புளிப்புக்குச் சுண்ணாம்பு போட்டா சரியாயிடும்லா," என்றான் கணவன் ஹரிதாஸ். லோரி ஓட்டுகிறவன். மறுநாளே ஒரு லோரி சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொட்டினான். ரிப்போர்ட்டில் கண்ட அளவை மூன்று நாள் தூவினார்கள். தினமும் திருநீற்றில் புரண்டவர்கள் போலப் பாச்சாங் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தண்ணீர் வடிவதற்கு நாலு பக்கமும் ஆழமாக வடிகால் வெட்டினார்கள். அதன் பிறகு தண்ணீர் நிற்கவே இல்லை. காலையில் ஊற்றியது பத்து மணிக்குள் வடிகாலில் ஓடியது. பார்ப்போமென்று நட்ட மிளகாய்க் கன்றுகள் மஞ்சளாகித் தலை தொங்கின.

மறுபடி மண் எடுத்துக் கொடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்துப் பெண் தாரணி தாளையும் அனுசியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது சுண்ணாம்பு மிஞ்சிவிட்டதாம், ஈரமும் தங்கவில்லையாம். எரு போட்டுப் பாருங்கள் அக்கா என்றாள்.

ஹரிதாஸ் பச்சைக் கோழி எருவாக ஏற்றிவந்தான். அது மக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிழைத்திருந்த கன்றுகளின் வேரும் வெந்துபோனது. நாற்றம் பக்கத்துக் கம்போங் கிராமம் வரை போக, ஊர்த்தலைவர் நேரில் வந்து, மூக்கைப் பொத்தியபடியே மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்.

மூன்றாவது ரிப்போர்ட் ஐந்தாம் தரம் என்றது. அதற்குக் கீழே தரம் கிடையாது.

அனுசியா வரப்பில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

"மண்ணுகூட என்னைப் பார்த்தா கெட்டுப் போகுது," என்றாள்.

ஹரிதாஸ் லோரிப் பக்கம் போய்வந்தான். குத்தகையைத் திருப்பிக் கொடுக்கும் ஃபாரத்தை நீட்டினான். அவள் அதை மடியில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். அவன் உடனே அதை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தான்.

அவன் திரும்பி வந்து லோரியை நிறுத்தும்போது பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். பேர் சிவசாமி என்றார். சாலைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிறாராம். வெளுத்துக் கிடந்த மண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"நம்ம ரெண்டு நிலத்தோட லோட் நம்பரும் மாறிப் போச்சுன்னு கூடத்துல இன்னிக்குத்தான் சொல்றாங்க, தங்கச்சி. எனக்கு வந்த இந்தத் தாள்ல முதல் தரம், எதுவும் போடாம அப்படியே நடலாம்னு இருந்திச்சு, நானும் நம்பி நட்டேன், எல்லாம் அழுகிப் போச்சு. இது உங்க மண்ணோட முதல் ரிப்போர்ட்டாம், என்னோடது உங்ககிட்ட இருக்கா?"