உப்பில் போட்ட ஹார்ட் டிஸ்க்

மரக்காணம்,
ஞாயிறு.

மாப்பிள்ளை தமிழரசன் அவர்களுக்கு மாமனார் சடையப்பன் எழுதிக்கொண்டது. நானும் உப்பளமும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் ரேணுகாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கோபம் வேறு, அது வேறு. போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்றுதான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது என் பாட்டு மொத்தத்தையும் என்னைக் கேட்காமல் உங்கள் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். இரைச்சலை நீக்கிச் சுத்தமாகத் தரப்போகிறீர்களாம், ரேணுகா பெருமையாகச் சொல்கிறாள். அது என்ன இரைச்சல் என்று தெரியுமா உங்களுக்கு? ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து நான் பாட்டுப் பிடித்த காலத்தில், உங்கள் அத்தை ஞானாம்பாள் அடுப்படியிலிருந்து போட்ட சத்தம் அது. சரணம் ஆரம்பிக்கும்போதுதான் "இந்தாய்யா, தண்ணி புடிக்கப் போறியா இல்லியா" என்பாள். அவளும் போய்விட்டாள், கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது; அதற்கு முன் டிஸ்கில் ஏற்றி வைத்ததுதான் மிச்சம். என் பொண்டாட்டி என்னைத் திட்டியது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம். இதைப் படித்ததும் உங்கள் காப்பியை அழித்துவிடுங்கள்.

இரண்டு டிஸ்க் வேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தீர்களே, அதையும் செய்துவிட்டேன். ஒன்று பீரோவில் இருக்கிறது. கடல் காற்றில் வயர் செருகும் இடம் கொஞ்சம் பச்சை பூத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றை பாலித்தீன் பையில் சுற்றி உப்புக் குவியலுக்குள் புதைத்து மேலே கீற்றும் போட்டேன். சிரிக்காதீர்கள். மீன், மாங்காய், நாரத்தங்காய் என்று எங்கள் வீட்டில் கெடக்கூடாதது எல்லாம் உப்பில்தான் இருந்தது. நான் பேங்குக்குப் போன நேரம் பார்த்து வியாபாரி அந்தக் குவியலையே லாரியில் ஏற்றிவிட்டான். மூட்டை கட்டிய கொளஞ்சியம்மாளைக் கேட்டால், "பொட்டியாட்டம் ஒண்ணு வந்துதுங்க, எடைக்கு நீங்கதான் கல்லு போட்டிருக்கீங்கன்னு உள்ளயே வெச்சு தெச்சிட்டேன்" என்கிறாள். இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவள் என்மேல் வைத்திருக்கும் மதிப்பு அது. டூவீலரில் விரட்டிப் போய் கிளியனூர் டீக்கடை வாசலில் லாரியை மடக்கினேன். "ஏன் பெருசு, உள்ள தங்கமா இருக்குது?" என்றான் டிரைவர். ஆமாம் என்றேன். உடனே டீக்கடையே எழுந்து வந்து மூட்டை பிரித்தது. கடைசி மூட்டையில் டிஸ்க் கிடைத்ததும் அவர்கள் என்னைப் பேசியதை மாப்பிள்ளைக்கு எழுத முடியாது.

டிஸ்கில் ஒரு கீறல் இல்லை. ஆகவே உங்கள் யோசனை வேண்டாம், மூன்றாவது டிஸ்கும் வேண்டாம். கிளவுடில் ஏற்றச் சொல்கிறீர்கள். உப்பளக்காரனிடம் மேகத்தை நம்பச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். என் பாட்டைக் காப்பாற்ற எனக்குத் தெரியும்.

ரேணுகாவுக்கு என் ஆசி. உங்களுக்கும் உண்டு, லேப்டாப்பைத் துடைத்த பிறகு.

இப்படிக்கு,
யார் தயவும் தேவைப்படாத
சடையப்பன்

பி.கு.: மாப்பிள்ளை, கடிதத்தை இங்கிருந்து படிக்க ஆரம்பியுங்கள். உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு பாட்டுக் கேட்கலாம் என்று உப்பு டிஸ்கை எடுத்தேன். சாய்த்ததும் தண்ணீர் வடிந்தது. பீரோ டிஸ்கில் வயர் செருகும் இடம் கையோடு வந்துவிட்டது. உங்களிடம் இருப்பதை அழிக்க வேண்டாம். சுத்தமும் செய்ய வேண்டாம். பாட்டு போனால் போகட்டும், அந்த இரைச்சலை மட்டும் பத்திரமாக வையுங்கள்.