களை பிடுங்கும் கனவான்

வீட்டு வாசலில் புல்வெளி வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் அதன்மேல் உட்காருவார்கள். இன்னொரு வகையினர் அதன்மேல் குனிவார்கள். வாசகரே, நான் சொல்லப்போவது குனிகிறவரைப் பற்றி.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தெருவில் போகும்போது ஒரு வீட்டு வாசலில் முகத்துக்குப் பதிலாக முதுகு உங்களை வரவேற்றால், அவரேதான். நிமிரும்போது ஒரு கையில் மண்ணோடு ஏதோ பச்சை தொங்கும். மறு கையில் கத்தி இருக்கும். பயப்பட வேண்டாம். அவர் மனைவி நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கும் காய்கறிக் கத்திதான் அது. யாராவது விருந்தாளி, நல்ல மனசோடு, "பச்சைப்பசேல்னு இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், கனவான் முகம் சுண்டிவிடும். நீங்கள் பார்ப்பது புல்லே இல்லை, அது கோரை, இது புளியாரை, அதோ படர்ந்திருக்கிறதே அதற்குப் பெயரே கிடையாது என்று அவர் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைப்பதற்குள் விருந்தாளிக்குக் கொண்டுவந்த தேநீரில் ஆடை படிந்துவிடும். சொந்தக்காரர்களைக்கூட அவர் இவ்வளவு விரிவாக அறிமுகம் செய்ததில்லை.

எனக்குத் தெரிந்த கனவான் ஒருவர் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். உத்தியோக காலம் முழுக்க அடுத்தவர் வேலையில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் தப்புக்குப் பஞ்சம் வந்துவிட்டது. மனைவியின் சமையலில் ஆரம்பித்துப் பார்த்தார். ஒரே வேளையில் வாசலுக்கு அனுப்பப்பட்டார். வாசலில் புல் இருந்தது.

அன்றிலிருந்து போர். களை ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது என்று புல்லை மொட்டையடித்தார். அதுவரை புல்லின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த விதைகளெல்லாம் வெயில் முகத்தில் அடித்ததும் கண்விழித்து, சரி, நம்மை அழைக்கிறார்கள் என்று எழுந்து வந்தன. கோரையை இலையைப் பிடித்து இழுத்தார். இலை வந்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டு ஒன்றுக்கு இரண்டாக அனுப்பியது. தினமும் குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தார். புல்லின் வேர் ஆழம் போகாமல் மேலேயே சோம்பிக் கிடக்க, களைகள் மட்டும் கொழுத்தன. அவர் உழைத்தார், இல்லையென்று சொல்லவில்லை. யாருக்காக உழைத்தார் என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் தெருச் சுற்று. எல்லா வீட்டுப் புல்லையும் பார்த்து, தலையை ஆட்டி, கேட்காதவர்களுக்கும் ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்புவார். அப்போது அவர் கால்சட்டையின் கீழ்விளிம்பு முழுக்க ஒட்டுப்புல் விதை குத்தியிருக்கும். வீட்டுக்குள் அதோடு போனால் மனைவி விடமாட்டாள். ஆகவே தன் புல்வெளி நடுவே நாற்காலியைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு விதையாக நிமிண்டி எடுத்துப் பக்கத்திலேயே சுண்டிவிடுவார். தெருவில் முளைப்பதெல்லாம் இப்படித் தினமும் அவர் மண்ணுக்கு வந்து சேர்ந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த மனைவி ஒருநாள் இதைச் சொல்லியே விட்டாள். அவர் நம்பவில்லை. களை வருவது பக்கத்து வீட்டிலிருந்து, காற்றில், என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா. நேரம் கிடைத்தால் புல்லை வெட்டுவாள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவாள். அவள் புல் கணுக்கால் உயரம் அடர்ந்து கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் களையும் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது, கனவானுக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் மகள் ஒரு வாரத்துக்குக் கைக்குழந்தையோடு வருவதாகச் சொன்னாள். பேரன் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பான். கையை மட்டும் விடமாட்டான். அவன் பிடியை விட்டு எடுத்துவைக்கும் முதல் அடியைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் பாட்டியாகிவிட்ட அந்த மனைவியின் ஒரே ஆசை. வீட்டுக்குள் வழவழவென்று தரை. ஒருமுறை விழுந்து மோவாயில் அடிபட்டதிலிருந்து அதில் நிற்கவே அவன் பயந்தான். புல் என்றால் விழுந்தாலும் வலிக்காது. இதைக் கனவானிடமும் சொன்னாள். அவருக்கும் உற்சாகம். என் பேரன் களையிலா நடப்பான் என்று, அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் புல்வெளி முழுக்கக் களைக்கொல்லி தெளித்தார். தாராள மனசு. அளவைப் பார்க்கவில்லை. களையோடு புல்லும் சேர்ந்து மஞ்சளடித்தது. அடுத்து, வெற்றிடத்தில் புது விதை. அதன்மேல் உரம். சுற்றிலும் கயிறு.

குழந்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. மனைவி ரொம்பவும் அமைதியாகத்தான் கேட்டாள்.

"என்னங்க, அவன் நடக்கத்தானே இந்தப் புல்லு?"

"அவனுக்காகத்தான் பண்றேன். இப்ப கால் வச்சா எல்லாம் போச்சு."

"ஞாயித்துக்கிழமை கிளம்பறாங்க."

"அடுத்த தடவை வரும்போது நடக்கட்டுமே. அதுக்குள்ள கம்பளம் மாதிரி ஆக்கிடுவேன்."

"அடுத்த தடவை அவன் ஓடிக்கிட்டே வருவான். நான் பாக்கணும்னது அது இல்ல."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று தலை தூக்கியிருந்தது. கனவான் குனிந்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் தையல்காரம்மா குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருப்பதாகக் கூப்பிட்டாள். பாட்டியும் மகளும் குழந்தையோடு போனார்கள். சட்டையைப் போட்டுப் பார்க்கும்வரை பொறுமையாக இருந்தவன், புல்லில் இறக்கிவிட்டதும் பாட்டியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச தூரத்தில், அந்தக் கணுக்கால் உயரப் புல்லுக்குள், புளியாரை ஒன்று மஞ்சளாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்தான். முழங்காலை விட்டான்.

பாட்டி இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவரைப் பார்த்து, "என்னங்க, சீக்கிரம் வாங்க, நடக்கறான்" என்று கூப்பிட்டாள்.

இந்தப் பக்கம் மண்டியிட்டிருந்த கனவான், இதோ, இந்த ஒன்று மட்டும், என்றார். அந்த ஒன்று வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தபோது பேரன் பூவிடம் போய்ச் சேர்ந்து, பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் செடியைப் பிடித்து இழுத்து, தாத்தாவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தான்.

மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் கனவான். அவருக்கும் குரல் தழுதழுத்தது. "வேரோட பிடுங்கிட்டான்."

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்களுக்குப் புல்வெளி கிடையாது, நீங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. சோபா வாங்கி வருடமாகியும் அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல், யாராவது வந்து உட்காரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருக்கும் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பது வேறு யாரோ. பிள்ளைகள் வருகிறார்களே என்று வீட்டைத் துடைத்துத் துடைத்து, வந்த பிள்ளைகள் ஈரத்தில் கால் வைக்கக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவைப்பதும் வேறு யாரோதான்.

அது சரி. பக்கத்து அறையில் யாரோ இரண்டு தடவை உங்களைக் கூப்பிட்டாகிவிட்டது. "இதோ, இந்த ஒன்று மட்டும்" என்றீர்களே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?