கழுத்தில் சிடி கட்டிய கன்று

கரப்பான் பூச்சிக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், இடிக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஜிகினாவுக்குப் பயப்படுகிறவள். பிறந்தநாள் வீட்டுச் சுவரில் வெள்ளி ஜிகினாச் சரம் தொங்கினால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். (கேக்கை மட்டும் விடமாட்டேன், அது வேற விஷயம்.) ஏன் என்று கேட்டால் ஒரு கன்றுக்குட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கன்றுக்குட்டியில் ஆரம்பித்தால் என் முட்டாள்தனத்தில்தான் போய் முடியும். பரவாயில்லை, வானகரத்துக்கே தெரிந்த முட்டாள்தனம்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனி. அதில் பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. (இப்பவும் அங்கதான் இருக்கேன். கதை எப்படி முடியும்னு இதுலயே தெரிஞ்சிருக்கும்.) படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்தும், பழுதான மெஷினைப் பிரித்துப் போட்டும் நானே கற்றுக்கொண்டது. பிரித்ததில் பாதியையாவது திரும்ப மாட்டியிருக்கிறேன் என்பதால் கம்பெனியில் என்னை 'என்ஜினியரம்மா' என்பார்கள். கிண்டல்தான். நான் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்வேயரில் போகும் பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒரு சென்சார் எண்ணும். இந்தப் பக்கம் ஒரு கண், எதிர்ப்பக்கம் சைக்கிளின் பின்னால் இருப்பது மாதிரி பளபளக்கும் ஒரு வட்டம். கண்ணிலிருந்து போகும் வெளிச்சம் வட்டத்தில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். நடுவில் பாக்கெட் மறைத்தால் வெளிச்சம் திரும்பாது. ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் மூளை. ஒருநாள் வெள்ளித்தாள் சுற்றிய சாக்லேட் பிஸ்கட் புதிதாக வந்தது. பாக்கெட் மலைபோலப் போகிறது, மெஷின் பூஜ்ஜியம் என்கிறது. எல்லோரும் தலையைச் சொறிந்தபோது நான்தான் கண்டுபிடித்தேன்: வெள்ளித்தாளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் நடுவில் யாருமே இல்லை என்று சென்சார் நினைக்கிறது.

சூப்பர்வைசர் பெருமாள் சார் அன்றைக்குச் சொன்னார்: "மிசினுக்குக் கண்ணு கீதும்மா, அறிவு இல்ல. அத்த நாமதான் கூட எடுத்துகினு வரணும்."

நல்ல வார்த்தை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் அக்கா வீட்டுக்காரர் செந்தில் மாமா, வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். திண்டுக்கல்லிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். லிஃப்டில் 'தயவுசெய்து துப்பாதீர்' என்று எழுதி ஒட்டிவிட்டு, அதன் கீழ் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்ட மனிதர். அந்த வருடம் மாட்டுப் பொங்கலுக்கு ஏதாவது 'வித்தியாசமா' செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு அரிப்பு. அமெரிக்காவில் குதிரைமேல் துரத்திப் போய்க் கன்றுக்குட்டிக்குச் சுருக்குப் போடும் ரோடியோ வீடியோ ஒன்றை எங்கிருந்தோ பார்த்துவிட்டு வந்தார்.

"பவானி, இதப் பாரு. கன்னு கோட்டத் தாண்டுன நிமிஷம் கடிகாரம் தானா ஓடுது. கட்டி முடிச்சதும் நிக்கிது. நம்ம பிளாட்லயும் இது மாதிரி பண்ணுவோம்."

"குதிரைக்கு எங்க போவீங்க மாமா?"

"குதிரை எதுக்கு? கால் இருக்குல்ல. சுருக்கெல்லாம் வேணாம். கன்னு கழுத்துல கயிறு இருக்கும், அதப் புடிச்சுப் பதமா கூட்டிட்டு வந்து கம்பத்துல கட்டணும். வாலப் புடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. ஆனா டைமிங் மட்டும் ஆட்டோமேட்டிக்!"

எனக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. "இதுக்குப் போயி அமெரிக்காவா? இது எங்க பிஸ்கட் லைன் மாமா. பிஸ்கட்டுக்குப் பதிலா கன்னுக்குட்டி, அவ்ளோதான்" என்றேன்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் வெறும் தமாஷாகப் போயிருக்கும். மாமாவுக்குத் தெரிந்தவர் கோவிந்தசாமி அண்ணன் என்று ஒருவர், திருப்பத்தூர்ப் பக்கம் காளை விடும் விழாக் கமிட்டியில் இருப்பவர். காளை ஓடும் நேரத்தை வைத்துத்தான் அங்கே பரிசு. பொங்கலுக்கு மெட்ராஸ் வரும்போது என் கடிகாரத்தைப் பார்த்துப் பிடித்திருந்தால், சுற்றுவட்டாரத்து விழாக்களுக்கெல்லாம் என்னையே செய்யச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். எனக்கு அன்றிரவே ஐயப்பன்தாங்கல் டிப்போ எதிரில் சொந்தப் பட்டறை, போர்டு, போர்டில் என் பெயர் எல்லாம் கண்முன் வந்துவிட்டன. போர்டுக்கு என்ன நிறம் என்பதில்தான் குழப்பம்.

பொங்கலுக்கு முந்தின வேலைநாள் பெருமாள் சாரிடம் போய், "சார், லீவு முடிஞ்சு நான் வர்றது சந்தேகம். உங்க கன்வேயர இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்றேன். ஒரு வேலை உறுதியாவதற்குள் கையில் இருக்கும் வேலையைத் தூக்கி எறிகிறவளை என்ன சொல்வது? அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போய்ட்டு வாம்மா" என்றார். 'வா' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

ஒத்திகை நன்றாகவே நடந்தது. கன்று வெளியே வரும் வழியில் ஒரு பக்கம் கண், எதிர்ப்பக்கம் வட்டம். எதிரே கம்பத்தில் ஒரு சுவிட்ச். கொக்கியில் கயிற்றை மாட்டினால்தான் கடிகாரம் நிற்கும். கையால் நிறுத்த ஒரு பட்டன் வை என்று அக்கா சொன்னாள். "தானியங்கின்னா தானாதான் இயங்கணும்" என்று அவள் வாயை அடைத்தேன். காக்கை குறுக்கே பறந்து கடிகாரம் ஓடிவிடக் கூடாதே என்று, சின்னச் சின்ன மறைப்பையெல்லாம் சென்சார் கண்டுகொள்ளாதபடியும் செய்துவைத்தேன். அதில் ஒரு தனிப் பெருமை.

கன்றுக்குட்டிக்குப் பதிலாக மாமா, இடுப்பில் கயிற்றுடன் நாலு காலில் ஓடினார். மூச்சு வாங்க ஓடினார், நடந்தார், நடுவில் நின்று 'ம்மா' என்றுகூடக் கத்தினார். எத்தனை முறை ஓடினாலும் கடிகாரம் பிசகவில்லை. பிசகாததற்குக் காரணம் எளிது. மாமாவின் மேல் ஜிகினா இல்லை.

மாட்டுப் பொங்கலன்று குடியிருப்பே மைதானத்தில் கூடிவிட்டது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு கோவிந்தசாமி அண்ணன். நான் மைக்கைப் பிடுங்கி, மனிதக் கை படாத துல்லியம் பற்றிக் கொஞ்சம் பேசினேன். (கொஞ்சம்தான்னு நான் சொல்றேன். பசிச்ச கொழந்தைங்க அழ ஆரம்பிச்சிடுச்சின்னு அக்கா சொல்றா.)

அப்போது நசரத்பேட்டையிலிருந்து குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் அஞ்சலையக்கா வந்து இறங்கினாள். குடியிருப்புக்குப் பால் ஊற்றுகிறவள், கன்று அவளுடையது. பெயர் லட்டு. பின்கதவு திறந்ததும் லட்டு வெளியே வந்தது. வெயில் அதன்மேல் பட்டதும் முன்வரிசை மொத்தமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டது.

உடம்பு முழுக்க வெள்ளி ஜிகினா. வயிற்றைச் சுற்றிச் சுற்றிச் சரம் சரமாக. நெற்றியில் வெள்ளித்தாள் ஒட்டிய பட்டம். கழுத்தில் மணியோடு சேர்த்து ஒரு பழைய சிடி. தோல் தெரிந்த இடம் வால் நுனியும் குளம்பும்தான்.

"எப்டிகீறா எம் பொண்ணு?" என்றாள் அஞ்சலையக்கா.

"சூப்பரா இருக்காக்கா" என்று நான் கைதட்டினேன். நான்! வெள்ளித்தாள் பாக்கெட்டைக் கண்டுபிடித்த அதே மேதை!

முதலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் களத்தில் நின்றான். அஞ்சலையக்கா பின்னாலிருந்து அவிழ்த்துவிட்டாள். லட்டு சாவகாசமாகக் கண்ணுக்கும் வட்டத்துக்கும் நடுவே நடந்து வெளியே வந்தது. பையன் பாய்ந்தான், வழுக்கினான், எழுந்தான், கயிற்றைப் பிடித்தான், கெஞ்சினான், கடைசியில் கம்பத்தில் மாட்டினான். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

பூஜ்ஜியம்.

"உலக சாதனை!" என்று யாரோ கத்தினார்கள்.

"இன்னாம்மா இது, பொறக்கறதுக்கு முன்னாடியே புட்ச்சி கட்டிட்டானா?" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

"ஒயர் லூசுண்ணே" என்றேன். ஒயரை ஆட்டினேன். பேட்டரியைத் தட்டினேன். அடுத்து வந்த ஆளுக்கும் பூஜ்ஜியம். அதற்கடுத்து வந்த மாடிவீட்டு அம்மாள் கன்றை நெருங்கவே பயந்து அரைச் சுற்றோடு திரும்பிவிட்டாள், அவளுக்கும் பூஜ்ஜியம். அப்போது லட்டு தலையைத் திருப்பியது. கழுத்து சிடியில் பட்ட வெயில் என் கண்ணில் அடித்தது. எனக்குப் பிஸ்கட் ஞாபகம் வந்தது.

பட்டறையும் போர்டும் கண்முன்னால் சரிவதைப் பார்த்துக்கொண்டே அஞ்சலையக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அந்த ஜிகினாவ மட்டும் கொஞ்சம் கழட்டிடலாமா?"

"இன்னாது?"

"மெஷின் கண்ணுக்குக் கன்னு தெரியலக்கா."

"அய்ய, எனுக்குத் தெர்து, இங்க கீற அத்தினி பேருக்கும் தெர்து, உம் மிசினுக்குத் தெர்லியா? அப்ப மிசின ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. மாட்டுப் பொங்க அதுவுமா மாட்டோட அலங்காரத்த அவுக்க சொல்றியே, உன்னிய பொட்டு பூ இல்லாம உக்காருன்னா உக்காருவியா?"

நியாயமான கேள்வி. நியாயம் காதில் விழும் நிலையில் நான் இல்லை. மாமாவின் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து அவருடைய கறுப்பு மழைக்கோட்டை உருவிக்கொண்டு வந்து, அலங்காரத்துக்கு மேலேயே லட்டுவின் முதுகில் போர்த்தினேன். கறுப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாதே!

அஞ்சலையக்கா போட்ட சத்தத்தில் பைபாஸில் போன லாரி ஒன்று வேகம் குறைத்தது என்று மாமா இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

"பொங்கலும் அதுவுமா கறுப்பப் போத்துறியே பாவி! எங்கூட்டு லச்சுமிடி அது! எட்றீ அத்த!"

அவள் கோட்டின் ஒரு கையை இழுக்க, நான் இன்னொரு கையை இழுக்க, நடுவில் நின்ற லட்டு மிரண்டு எடுத்தது பார் ஓட்டம்! கோட்டோடு சென்சாரைத் தாண்டியது. கடிகாரம் உயிர் பெற்றது. ஓடியது! அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கைகளை உயர்த்தி, "பாத்தீங்களாண்ணே, வேலை செய்யுது!" என்று கத்தினேன்.

வேலை செய்தது. லட்டு மைதானத்தைத் தாண்டியது, கடிகாரம் ஓடியது. லட்டு கோலத்தை அழித்துக்கொண்டு பொங்கல் பானை வரிசையில் புகுந்தது, கடிகாரம் ஓடியது. மழைக்கோட்டைப் பானைமேல் உதறிவிட்டு, நேராகப் போய்த் தான் வந்த குட்டியானையின் பின்னால் நின்று 'ம்மா' என்றது. அஞ்சலையக்கா அதை ஏற்றினாள், என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள், வண்டி நசரத்பேட்டைக்குக் கிளம்பிவிட்டது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பத்தில் யாரும் கட்டவில்லையே!

கோவிந்தசாமி அண்ணன் எழுந்து வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்பாகப் பேசினார்.

"கடியாரம் நல்லாத்தாம்மா ஓடுது. ஆனா எங்க ஊர்ல காளைக்குத் தல வால் தெரியாம ஜிகினாதான் கட்டுவாங்க. அவுக்கச் சொன்னா என்னை ஊர உட்டே ஓட்டிடுவாங்க." கிளம்புமுன் கடிகாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "கன்னு வூடு போய் சேந்துட்டிருக்கும். இத்த யாராச்சும் நிறுத்துங்கம்மா."

நிறுத்தத்தான் பட்டன் இல்லையே! செந்தில் மாமா ஒரு கயிற்றை எடுத்து ஒத்திகையில் கட்டியதுபோலவே தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, நாலு காலில் போய், கம்பத்துக் கொக்கியில் தன்னைத் தானே மாட்டிக்கொண்டார். கடிகாரம் நின்றது. அன்றைக்கு முறையாகப் பதிவான ஒரே நேரம் அவருடையதுதான். முதல் பரிசான குக்கரை அக்கா மேடையேறி வாங்கிக்கொண்டாள்.

லீவு முடிந்து நான் கம்பெனிக்குள் நுழைந்தபோது, என் கன்வேயரின் தலைமாட்டில் வெள்ளி ஜிகினாச் சரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. (யாரோ எடுத்த வீடியோ எனக்கு முன்னாடியே அம்பத்தூர் வந்து சேந்துடுச்சி.)

"மிசினுக்குக் கண்ணு கீது..." என்று ஆரம்பித்தார் பெருமாள் சார்.

"தெரியும் சார்" என்றேன்.

சில வருடம் கழித்துப் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். வாசலில், ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. நான் உடம்பெல்லாம் சரிகை மின்னும் பட்டுப்புடவையில், மேளம் முழங்க, தலை குனிந்து வந்துகொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து செந்தில் மாமாவின் குரல்:

"ஏய், எல்லாரும் தள்ளிக்குங்கப்பா! பொண்ணு ஜரிகையில வர்றா, கதவு தொறக்காது! யாராச்சும் மழைக்கோட்டு வச்சிருக்கீங்களா?"

கதவு திறந்தது. அதன் கண் வேறு மாதிரி வேலை செய்வது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் திறப்பதற்கு ஒரு கணம் முன்னால் என் கால் தானாக நின்றுவிட்டது. மேளக்காரர்கூட ஒரு அடி தப்பவிட்டார்.

எங்கள் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடம் ஆட்களின் முதுகுகளால் மறைந்துபோயிருக்கிறது. கதவு முன்னால் நான் நின்ற இடம் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுப் பொங்கல் குடும்பமே உட்கார்ந்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. அந்தக் குக்கரில் வைத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டு.