படிக்கலாம், எழுத வேண்டாம்

சர்வர் காவலர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், உங்களுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று பொருள். அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கும் காகிதக் கிடங்குக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத அறையில், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் காலுறைக்கு மேல் செருப்புமாக, அன்றைய ஆறாவது காப்பியோடு, தட்டும் சத்தம் கேட்டாலே முகம் சுளிக்கத் தயாராக இருப்பார். இணையதளம் நடக்க வேண்டும் என்பதற்காக வேலைக்கு வைக்கப்பட்டவர். நடப்பது தன்னையும் மீறித்தான் என்பது போல நடந்துகொள்வார்.

குளிர்நாட்டு ஏரிக்கரை ஊரான எங்கள் கூசிலம்பியின் நகராட்சிக் காவலர் பெயர் ஓஸ்மோ. தளத்தில் செய்தி எழுதுவது என் வேலை என்பதால், பதினோரு ஆண்டுகளாக அவரோடு பழகி வருகிறேன். அதாவது, கெஞ்சி வருகிறேன்.

விஷயம் எளிதுதான். தளம் குடியிருக்கும் சர்வர் கணினியில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மூன்று உரிமைகள்: உள்ளே இருப்பதைப் படிப்பது, புதிதாக எழுதிவைப்பது, உள்ளே நுழைவது. யாருக்கு எவ்வளவு என்பதை மூன்று இலக்க எண்ணில் அடக்கிவிடலாம். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். இந்த 'மற்ற எல்லோரும்' என்று சொல்லும்போது ஓஸ்மோவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு அவர்கள் பள்ளி திறக்கும் தேதி தேடும் தாய்மார்கள், படகு புறப்படும் நேரம் பார்க்கும் பெரியவர்கள். அவருக்கு அவர்கள் வாசலில் கூடி நிற்கும் ஒரு கும்பல். யாராலும் திறக்க முடியாத தளத்தை எவனாலும் உடைக்க முடியாது என்பது அவருடைய கொள்கை. மறுக்க முடியுமா? முடியாது. அதுதான் தொல்லை.

"ஓஸ்மோ, படம் ஏத்தற ஃபோல்டர்ல எனக்கு எழுதற உரிமை வேணும்ப்பா."

"விண்ணப்பம் போடு."

"படிவம் எங்க இருக்கு?"

"'படிவங்கள்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு பாரு."

"அது திறக்கலையே. அனுமதி இல்லைங்குது."

 ஓஸ்மோ காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் புகார் கொடுக்கலையே."

"புகாரை எங்க கொடுக்கறது?"

"அதே ஃபோல்டர்லதான்."

இப்படிப்பட்டவரிடம்தான் ஐலாவின் நூலகம் போய் மாட்டிக்கொண்டது. ஹவ்க்கிலா கிராமத்துக் கிளை நூலகத்தை இருபது ஆண்டுகளாக ஒற்றை ஆளாக நடத்துகிறவர் ஐலா. அதை மூடிவிடலாமா என்று நகர்மன்றம் யோசித்தது. மூடுமுன் மக்கள் கருத்தைக் கேட்போம் என்று ஜூன் மாத நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தைய வியாழன் மூன்று மணி வரை கெடு வைத்துத் தளத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். கருத்து எழுதிப் பொத்தானை அமுக்கினால், 'நன்றி! உங்கள் கருத்து கிடைத்தது' என்று வரும். மூன்று வாரமும் ஐலா ஊராரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொன்னார். மரலாரி ஓட்டும் ஒருவர் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல்முறையாகச் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு வரி எழுதினாராம். எல்லோருக்கும் நன்றி வந்தது.

வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்கு, எத்தனை சேர்ந்திருக்கிறது என்று கேட்க ஐலா சைக்கிளில் வந்தார். எனக்குத்தான் படிக்கும் உரிமை உண்டே. பார்த்தேன். ஃபோல்டர் காலி.  இருவரும் மாடிக்கு ஓடினோம்.

"ஓஸ்மோ, நான் கணக்கு வெச்சவங்களே முந்நூத்திப் பன்னண்டு பேர் எழுதியிருக்காங்க. பாதிப் பேர் பக்கத்துல நானே உக்காந்திருந்தேன். எல்லாம் எங்கப்பா போச்சு?"

"எங்கயும் போகல, ஐலா. 'நன்றி' அமுக்கினாலே வரும், கருத்து உள்ள வரவே இல்ல."

"ஏன் வரல?"

"அந்த ஃபோல்டர்ல சர்வருக்கு எழுதற உரிமை தரல. படிக்க மட்டும்தான்."

"கருத்து கேக்கற இடத்துல எழுத முடியாதுன்னா, அப்புறம் என்னத்துக்குய்யா அது?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு. மூணு வாரமா கண்ட கண்ட ஃபைல் ஒண்ணுகூட உள்ள நுழையல."

"கல்லறைகூடத்தான் பத்திரமா இருக்கு! ஒருத்தரும் கருத்தே சொல்லலைன்னு திங்கக்கிழமை என் நூலகத்தை மூடிடுவாங்க. இப்பவாவது திற. மூணு மணியாகறதுக்குள்ள நாப்பது பேரையாவது போன் பண்ணி எழுதவைக்கறேன்."

மணி இரண்டு நாற்பது. கீழே ஓஸ்மோவின் கார், பண்டிகை அலங்காரத்துக்குப் பிர்ச் மரக்கிளைகளும் சுட்டுத் தின்னும் தொத்திறைச்சியும் ஏற்றப்பட்டு, ஏரிக்கரைக் குடிலுக்குக் கிளம்பத் தயாராக நின்றது. அவருக்கும் மனசு இளகியது. திறக்கிறேன் என்றார். ஆனால் ஒரு கதவைத் திறக்குமுன் மற்ற கதவுகளை இறுக்கிவிட வேண்டும் என்பது இந்த இனத்தின் சுபாவம். எனவே ஃபைல்களுக்குப் போடவேண்டிய ஓர் இறுக்கமான எண்ணைத் தளம் முழுவதற்கும், மேலிருந்து கீழ்வரை, ஒரே அடியாகப் போட்டார். ஃபைலுக்குள் யாரும் நுழைவதில்லை. அதற்கு நுழையும் உரிமை தேவையில்லை. ஃபோல்டருக்குத் தேவை. அந்த ஒரு எண்ணில் கூசிலம்பியின் எல்லா ஃபோல்டர்களும் உள்ளே போக வழியில்லாத அறைகளாகிவிட்டன.

சரிபார்க்காமல் போனாரா? சேச்சே. தன் திரையில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். எல்லாம் திறந்தன. சர்வரின் தலைமை அதிகாரி அவரேதான்; அவரை எந்த எண் தடுக்கும்? திருப்தியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். அவருடைய கைப்பேசி பண்டிகை முடியும்வரை விறகுக் கொட்டகையில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

நான்கு நாள் கூசிலம்பிக்கு இணையதளமே இல்லை. எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் 'அனுமதி இல்லை'. கருத்துப் பக்கம் இல்லை, படகு நேரம் இல்லை, திங்கட்கிழமைக் கூட்டத்தின் பொருள்பட்டியலும் இல்லை. எங்கள் நகராட்சி விதிப்படி அந்தப் பட்டியல் கூட்டத்துக்கு முந்தைய நான்கு நாளும் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுக்கும் முடிவு செல்லாது. நகர்மன்றத் தலைவர் வேறு வழியின்றி எல்லாவற்றையும் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார். நூலகத்தை மூடும் தீர்மானமும் அதோடு தள்ளிப்போனது. கருத்துக் கேட்பு ஆகஸ்டில் மறுபடி நடக்கும் என்று அறிவித்தார்.

ஐலா ஏலக்காய் பன் ஒன்றைச் சடை பின்னிச் சுட்டுக் கொண்டுவந்து ஓஸ்மோவின் மேசையில் வைத்தார். கொசு கடித்த முகத்தோடு ஓஸ்மோ அதை வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாத்தியா? பூட்டினதாலதான் நூலகம் பொழச்சுது." கோபத்தில் எனக்குப் பன் இறங்கவில்லை. ஆனாலும் இரண்டு துண்டு தின்றேன்.

அதன் பிறகு, இன்னொருவர் கையிலும் அதிகாரம் இருக்கட்டும் என்று நகராட்சி முடிவுசெய்தது. அந்த இன்னொருவர் நான்தான். பதினோரு வருடக் கெஞ்சலுக்குப் பலன். எந்த ஃபோல்டரையும் திறக்கலாம், எதையும் மூடலாம். ஆகஸ்டில், கருத்துப் பக்கம் தொடங்குவதற்கு முதல் நாள், ஐலா வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அந்த ஃபோல்டரை எழுதற மாதிரி திறந்து விட்டுடேன். இப்பதான் நம்மாளு நீ இருக்கியே."

ஒரு வரி வேலை. விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது.

"தாராளமா, ஐலா. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? ஒரு மின்னஞ்சல் போட்டுடு, பாத்துட்டுச் செய்யறேன்."

 அவர் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மின்னஞ்சல் அன்று மாலையே வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம்தான் திறந்தேன். அதற்குள் பதினேழு பேர் எழுதி, நன்றி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பதினேழும் எங்கேயும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

'நான் அப்படியில்லை' என்கிறீர்களா? மிக நல்லது. வீட்டுக்கு வந்த விருந்தாளி வைஃபை கடவுச்சொல் கேட்டால் வாய்விட்டுச் சொல்வீர்களா, இல்லை அவர் கைப்பேசியை வாங்கி, திரையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, நீங்களே அடித்துக் கொடுப்பீர்களா?