செல்வியின் கிரைண்டரில் வெள்ளை சிமெண்ட்

மும்பையில் செம்பூர் ஃபிளாட்டை அப்பா என் பெயருக்கு எழுதிவைத்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறியது உண்மை. முலுண்டில் சொந்தச் சமையலறையிலேயே செல்வாக்கு இல்லாதவன், செம்பூரில் ஓனர்! (ஆபீஸில் "என் டெனன்ட்" என்று சொல்லாமல் ஒரு டீ குடித்ததில்லை.)

டெனன்ட் செல்வி திருநெல்வேலிக்காரர். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். பாத்ரூம் டைல்ஸ் பெயர்ந்துவிட்டது என்றார். உடனே ஒரு கான்ட்ராக்டரை அனுப்பினேன்.

மறுநாள் லோக்கல் ரயிலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தபோது கான்ட்ராக்டர் போன் செய்தார். செல்வி மார்க்கெட் போயிருக்கிறாராம்; சிமெண்ட் கலக்க கிச்சனில் ஒரு மிஷின் இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று இந்தியில் கேட்டார். என்ன மிஷின் என்று கேட்டேனா? இல்லையே! "லே லோ பாய், அப்னா ஹி கர் ஹை!" என்றேன். எடுத்துக்கோ, நம்ம வீடுதானே!

மதியம் செல்வி கூப்பிட்டார். ஓடினேன். வெட் கிரைண்டருக்குள் வெள்ளை சிமெண்ட் இறுகி, கல் அசைய மறுத்தது. பக்கத்தில் இரண்டு வாளி நிறைய ஊறிய அரிசியும் உளுந்தும்.

"தப்பு கான்ட்ராக்டரோடது. அவர்கிட்டயே கேளுங்களேன்" என்று இழுத்தேன்.

"அவர நானா கூப்பிட்டேன்? நீங்கதான அண்ணாச்சி அனுப்புனிய! நாளைக்குக் காலைல கீழ்வீட்டுப் பொண்ணுக்கு வளைகாப்பு. அறுபது பேரு இட்லிக்கு உக்காருவாவ. நான் எத ஊத்த?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"சாயங்காலத்துக்குள்ள மாவு வரும். நானே அரைக்கிறேன்" என்றேன்.

வாளிகளோடு முலுண்டுக்கு ஆட்டோ ஏறினேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் உளுந்துத் தண்ணீர் என் பேண்டில். என் மனைவியின் குட்டி கிரைண்டரில் ஒன்பது தடவை போட வேண்டியிருந்தது. ஆறாவது தடவையில் அவள் எட்டிப்பார்த்தாள்.

"ஓனர் சார், உளுந்து பொங்கி வரணும். தண்ணிய இப்படியா கொட்டுவாங்க!"

விடவில்லை. ஆறு மணிக்கு மாவு செம்பூரில் இருந்தது. மறுநாள் லீவு போட்டு, மாட்டுங்காவில் புது கிரைண்டர் வாங்கி, நானே இறக்கி வைத்தேன். கான்ட்ராக்டரோடு சண்டையை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தேன்.

செல்வி தட்டில் நான்கு இட்லி வைத்தார். "பரவால்ல அண்ணாச்சி, நல்லாத்தான் அரைச்சிருக்கிய" என்றார். ஆபீஸில் எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

இன்றும் வீட்டில் நான் யாருடைய சார்ஜரைத் தொட்டாலும் என் மகள் "லே லோ பப்பா, அப்னா ஹி கர் ஹை!" என்று கத்துகிறாள். போன வாரம் அவளோடு செம்பூர் போயிருந்தேன். தாகம். குடத்தின் மேலிருந்த டம்ளரை எடுக்கலாமா என்று செல்வியிடம் கேட்டேன்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, நம்ம வீடுதான" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

என் மகள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள்.